மண்ணிலிருந்து எழும் ரேடான்: எதை அளக்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும்?

கையடக்கமான ஒரு கருவியைக் கடற்கரை மணலில் வைக்கிறார்கள். உடனே அது 'டிக் டிக்' என்று விடாமல் அடிக்கிறது. மணவாளக்குறிச்சி, குளச்சல், மிடாலம் என்று ஊர்ப் பெயர்களும் திரையில் ஓடுகின்றன. "இந்த மண்ணில் குடியிருப்பவர்களுக்குப் புற்றுநோய் நிச்சயம்" என்ற குரலோடு முடியும் இத்தகைய காணொளிகள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது சுற்றி வருகின்றன. "எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற பதிலும் அதே வேகத்தில் வருகிறது. நாம் பார்த்தவரை இரண்டு தரப்பாரும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதை அளந்தீர்கள், எந்தக் கருவியால், எவ்வளவு நேரம்?

இது வெறும் வாதத்துக்கான கேள்வி அல்ல. மனை வாங்குபவர், வீடு கட்ட மணல் இறக்குபவர், பிள்ளை வெளிநாட்டில் தரைக்கடியில் உள்ள அறையில் வாடகைக்கு இருக்கிறான் என்று கேட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் என எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதனால் மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்தை எப்படி அளக்கிறார்கள், அளந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கதிரியக்கம் என்றதும் அணுகுண்டும் கூடங்குளமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் கதிரியக்கம் இல்லாத மண் உலகில் எங்குமே இல்லை. நாம் உண்ணும் வாழைப்பழத்திலும், நம் தசையிலும் கூட பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு உண்டு. உலக மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கதிர்வீச்சு பெறுகிறார் என்பது ஐ.நா.வின் அணுக்கதிர் விளைவுகளுக்கான அறிவியல் குழு தரும் கணக்கு. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர், மண்ணிலிருந்து வரும் காமா கதிர், உணவு, காற்று எல்லாம் இதில் அடங்கும். இதில் ஏறத்தாழ பாதி ஒரே ஒரு வாயுவால் வருகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. அந்த வாயுதான் ரேடான்.

ரேடானுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து வேறொரு தனிமமாகிறது. அது இன்னொன்றாகிறது. நம் மத்ரஸா வழக்கில் சொன்னால் இது ஒரு ஸில்ஸிலா. ஒன்றிலிருந்து ஒன்றாக நீளும் இந்தச் சங்கிலியின் தலைவர் யுரேனியம்-238. அதன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டுகள். அதாவது இன்று இருப்பதில் பாதி சிதைய அவ்வளவு காலம் ஆகும். நடுவில் வரும் ரேடியம்-226-க்கு 1,600 ஆண்டுகள். ரேடியத்தின் நேர்ப் பிள்ளைதான் ரேடான்-222. அதற்கு வெறும் 3.8 நாட்கள். கடைசியில் எல்லாம் சாதாரண ஈயமாக மாறி அடங்குகிறது.

இந்தப் பரம்பரையில் மற்ற எல்லாமே திடப்பொருள்கள், பிறந்த மண்துகளிலேயே ஒட்டிக்கிடப்பவை. ரேடான் மட்டும் வாயு. அதனால் அது மட்டும் வீட்டை விட்டு ஓடும் பிள்ளை. மண் துகள்களுக்கு இடையே உள்ள சந்து வழியாக மேலேறி, திறந்த வெளியில் என்றால் காற்றில் கலந்து நீர்த்துப் போகிறது. மேலே ஒரு வீடு இருந்தால், தரையின் விரிசல், குழாய் நுழையும் ஓட்டை, சுவரும் தரையும் சேரும் இடைவெளி வழியாக உள்ளே வந்து தங்குகிறது.

நாம் சுவாசிக்கும் ரேடானில் பெரும்பகுதி உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்துவிடும். கெடுதி செய்வது அதன் வாரிசுகள். காற்றிலேயே ரேடான் சிதைந்து உண்டாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214 ஆகியவை தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயில் படிகின்றன. அங்கிருந்தபடியே ஆல்பா துகள்களை வீசுகின்றன. ஆல்பா துகளை ஒரு காகிதத்தாள் தடுத்துவிடும். வெளியே இருந்து நம் தோலைக்கூட அது தாண்டாது. ஆனால் நுரையீரலின் உட்பரப்பில் உட்கார்ந்துகொண்டு வீசினால் நடுவே தடுக்க எதுவும் இல்லை.

இதை மனிதன் பெயர் தெரியாமலேயே பல நூற்றாண்டுகள் அனுபவித்திருக்கிறான். ஜெர்மனியின் சாக்சனியில் ஷ்னீபெர்க் என்ற ஊர்ச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் 'மலை நோய்' என்ற ஒன்றால் நடுவயதிலேயே இறந்தார்கள். அது நுரையீரல் புற்று என்று 1879-ல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் கண்டறிந்தனர். ரேடான் என்ற வாயு கண்டறியப்பட்டதே அதற்குப் பிறகுதான். 1988-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது.

சுரங்கம் வேறு, வீடு வேறு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அந்த எண்ணம் உடைந்தது. லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை செய்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் கதிரியக்கச் சோதனை வாசலைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்தது. அந்த நிலையம் இன்னும் மின் உற்பத்தியே தொடங்கவில்லை. வெளியேறும்போது அடித்திருந்தால் நிலையத்தைச் சந்தேகிக்கலாம். காலையில் உள்ளே வரும்போதே அடித்தது! வீட்டைச் சோதித்தபோது காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கரல் ரேடான் இருந்தது. ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். உலக வீடுகளின் சராசரி சுமார் 40 பெக்கரல்தான். யுரேனியம் நிறைந்த பாறைப் பட்டை ஒன்றின் மேல் அந்த வீடு நின்றிருந்தது. பக்கத்து வீட்டிலோ இந்த அளவுக்கு இல்லை. ஒரே தெருவில், ஒரே மண்ணில் இரு வீடுகள், இரு வேறு முடிவுகள். ஊர் வரைபடத்தைப் பார்த்து உங்கள் வீட்டைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மண்ணை அளப்பது

மண்ணின் கதிரியக்கத்தை ஆய்வகத்தில் அளக்கும் முறை பொறுமைக்குப் பெயர் போனது. தேர்ந்தெடுத்த இடத்தில் மேல்மண்ணில் உள்ள வேர், கல், குப்பையை நீக்கி மாதிரி எடுக்கிறார்கள். அதைச் சுமார் 110 டிகிரி வெப்பத்தில் ஈரம் போக உலர்த்தி, பொடித்து, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து நான்கு வாரம் அப்படியே வைத்துவிடுகிறார்கள்.

ஏன் நான்கு வாரம்? இங்கேதான் ரேடானின் ஓட்டக் குணம் கணக்கில் வருகிறது. ரேடியத்தை நேரடியாக அளப்பது கடினம். அதனால் ரேடானுக்குப் பின்னால் வரும் பிஸ்மத்-214 வீசும் காமா கதிரை அளந்து, அதிலிருந்து ரேடியத்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். டப்பா திறந்திருந்தால் நடுவில் உள்ள ரேடான் தப்பிவிடும். பேரனை எண்ணிப் பாட்டனின் சொத்தைக் கணக்கிடும் வேலை பிழையாகும். அடைத்து வைத்த டப்பாவில் ரேடான் சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 27 நாட்களில், அதாவது அதன் அரை ஆயுளைப் போல் ஏழு மடங்கு காலத்தில், வரவும் செலவும் சமநிலைக்கு வருகின்றன. பிறகு அந்த டப்பாவைத் தடித்த ஈயக் கவசத்துக்குள் உள்ள ஜெர்மேனியம் அல்லது சோடியம் அயோடைடு உணரியின் மேல் வைத்துப் பல மணி நேரம் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிரை வீசுவதால், எது எவ்வளவு என்று பிரித்தறிய முடிகிறது. பொட்டாசியத்துக்கு 1,460, யுரேனியக் குடும்பத்துக்கு 1,764, தோரியக் குடும்பத்துக்கு 2,614 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பவை வழக்கமாகப் பார்க்கும் கோடுகள்.

முடிவு மூன்று எண்களாக வரும். உலக மக்கள் வாழும் மண்ணின் சராசரியை எடுத்துக்கொண்டால் ஒரு கிலோ மண்ணில் ரேடியம் 33, தோரியம் 45, பொட்டாசியம் 420 பெக்கரல். பொட்டாசியம் 420 என்று இருப்பதால் அதுதான் பயங்கரமானது என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றும் தரும் காமா கதிரின் வலிமை வேறு. அதனால் ரேடியத்தை 0.462-ஆலும், தோரியத்தை 0.604-ஆலும், பொட்டாசியத்தை 0.0417-ஆலும் பெருக்கிக் கூட்டுகிறார்கள். மேற்சொன்ன சராசரி மண்ணுக்கு இது 60 வரும். தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் மணிக்கு 60 நானோ கிரே என்பது இதன் பொருள். நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வெளியே இருப்பவருக்கு ஆண்டுக்கு 0.07 மில்லி சீவர்ட் என்று கணக்கு முடிகிறது.

கட்டடப் பொருளாகப் பயன்படுத்தலாமா என்று பார்க்க இன்னொரு கணக்கு உண்டு. தோரியத்தை 1.43-ஆலும் பொட்டாசியத்தை 0.077-ஆலும் பெருக்கி ரேடியத்தோடு கூட்டினால் கிடைப்பது 'ரேடியம் சமான அளவு'. அது கிலோவுக்கு 370 பெக்கரலைத் தாண்டக் கூடாது. சராசரி மண்ணுக்கு 130 வரும். நம் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறைகள் வெளியிடும் மண், செங்கல், கிரானைட் ஆய்வுகளில் எல்லாம் இந்த 370 என்ற எண்ணைக் காணலாம்.

ஆனால் கவனியுங்கள். இவ்வளவு பாடுபட்டு அளந்த பிறகும் நமக்குக் கிடைத்தது மண்ணில் உள்ள சரக்கின் அளவும், அது வெளியே வீசும் காமா கதிரும்தான். அதிலிருந்து எவ்வளவு ரேடான் கிளம்பி உங்கள் படுக்கையறைக்கு வருகிறது என்பதை அது சொல்லாது.

அதற்கு மண்காற்றை அளக்க வேண்டும். ஒரு மீட்டர் அளவு ஆழத்துக்கு ஒல்லியான இரும்புக் குழாயை இறக்கி, மண் இடுக்குகளில் உள்ள காற்றை உறிஞ்சி, ஆல்பா துகளை எண்ணும் கருவிக்குள் அனுப்புகிறார்கள். அங்கே கிடைக்கும் எண் பலரைத் திடுக்கிட வைக்கும். சாதாரண மண்ணிலேயே கன மீட்டருக்கு 10,000 முதல் 50,000 பெக்கரல் வரை இருக்கும். ஸ்வீடனில் இந்த இடைப்பட்ட அளவை இயல்பானது என்றே வகைப்படுத்துகிறார்கள். அதைத் தாண்டினால்தான் அங்கே வீடு கட்டும்போதே தனிப் பாதுகாப்பு செய்யச் சொல்வார்கள். ஆகவே 'மண்ணில் ரேடான் 30,000' என்ற தலைப்பைப் பார்த்து யாரும் வீட்டை விற்க ஓட வேண்டியதில்லை.

மண்காற்றின் அளவு நாளுக்கு நாள் மாறவும் செய்யும். மழை பெய்து மேல்மண் நனைந்தால் ரேடானின் வழி அடைபட்டு அடியில் தேங்கும். காற்றழுத்தம் குறைந்தால் கூடுதலாக வெளியேறும். களிமண் என்றால் இறுக்கிப் பிடிக்கும். சரளையும் மணலும் தாராளமாக வழிவிடும். ரேடியம் குறைந்த சரளை மண், ரேடியம் நிறைந்த களிமண்ணைவிட அதிக ரேடானை வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. ஒரு முறை அளந்துவிட்டு ஊருக்கே தீர்ப்பு எழுதுவோரை நாம் நம்பத் தயங்குவது இதனால்தான்.

வீட்டுக்குள் அளப்பது

உடல்நலம் என்று பார்த்தால் கடைசியில் முக்கியமானது நாம் சுவாசிக்கும் வீட்டுக் காற்றுதான். அதை அளக்க மலிவான, மின்சாரம் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. எல்.ஆர்.-115, சி.ஆர்.-39 என்ற பெயர்களில் கிடைக்கும் சிறு பிளாஸ்டிக் படலங்கள். ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் இதை வைத்து வீட்டில் தொங்கவிட்டால், ஆல்பா துகள் படும் ஒவ்வொரு இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மூன்று மாதம் கழித்து எடுத்துச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் அந்தக் கீறல்கள் அரித்துப் பெரிதாகி, நுண்ணோக்கியில் எண்ணும் அளவுக்கு வந்துவிடும். கீறல்களின் எண்ணிக்கையே ரேடானின் அளவு.

இரண்டு மூன்று நாளில் முடிவு தரும் கரித்தூள் டப்பாக்களும், நிமிடத்துக்கு நிமிடம் எண் காட்டும் மின்னணுக் கருவிகளும் உண்டு. ஆனால் ரேடான் பகலில் குறைந்து விடியற்காலையில் கூடும். ஜன்னல் திறந்த நாளில் இறங்கி, அடைத்த நாளில் ஏறும். அதனால் மூன்று மாத அளவீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். அதையும் சமையலறையிலோ குளியலறையிலோ வைக்காமல், அதிக நேரம் புழங்கும் அறையிலோ படுக்கையறையிலோ, ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

காணொளியில் 'டிக் டிக்' என்று அடித்த கருவி இதில் எதையும் செய்யவில்லை. அது கைகர் எண்ணி. மணலிலிருந்து வரும் காமா, பீட்டா கதிர்களை அது எண்ணும். காற்றில் உள்ள ரேடானை அதனால் அளக்க முடியாது. மணிக்கு 1 மைக்ரோ சீவர்ட் என்று அது காட்டுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரண இடங்களில் 0.1 அளவுதான் காட்டும் என்பதால் பத்து மடங்கு என்று சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் அந்த மணலில் நாளுக்கு ஒரு மணி நேரம் உலாவுபவருக்கு ஆண்டுக் கணக்கு 0.37 மில்லி சீவர்ட்தான். அதே மணலைக் கொண்டுபோய் வீட்டின் அடித்தளத்தில் நிரப்பி, இரவும் பகலும் அதன்மேல் வாழ்ந்தால் கணக்கு 8.8 வரை போகலாம். மணல் ஒன்றுதான். மனிதன் அதனோடு கழிக்கும் நேரம்தான் வேறு.

நம் கடற்கரையின் கதை

மணவாளக்குறிச்சி மணலின் ரகசியம் வெளிப்பட்டது 1909-ல். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அந்தக் காலத்தில் மோனசைட்டுக்கு இருந்த மதிப்பு அதில் உள்ள தோரியத்துக்காக. தோரியம் வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் மேண்டிலுக்காக. நம் கல்யாண ஊர்வலங்களிலும் பெருநாள் இரவுகளிலும் வெள்ளை வெளேரென்று எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலிலும் தோரியம் இருந்தது. இன்றைய தலைமுறைக்குப் பெட்ரோமாக்ஸ் என்றால் நகைச்சுவைக் காட்சிதான் தெரியும், அது வேறு விஷயம்.

நம் கரையின் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை உண்டு. யுரேனியமோ அரை சதவீதத்துக்கும் குறைவு. இந்த வேறுபாடுதான் முழுக் கதையின் திறவுகோல். தோரியத்தின் பரம்பரையிலும் ஒரு வாயு பிறக்கிறது. அது ரேடானின் இன்னொரு வகை. தோரான் என்று பெயர். அதன் அரை ஆயுள் வெறும் 56 நொடி. மண்ணுக்கு அடியில் பிறந்த தோரான் மேலே வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் சிதைந்து திடப்பொருளாகி அங்கேயே நின்றுவிடுகிறது. மேற்பரப்பில் பிறந்தது மட்டும் வெளிவந்து, தரையையும் மண்சுவரையும் ஒட்டிய சில அங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே நம் கடற்கரையில் காமா கதிர் மிக அதிகம் என்பதை வைத்து, வீட்டுக் காற்றிலும் ரேடான் அதே விகிதத்தில் பெருகியிருக்கும் என்று முடிவு கட்ட முடியாது. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். ரேடானையும் தோரானையும் பிரித்து அளக்க, பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் நுண்துளைகள் இட்ட இரட்டை அறைக் கிண்ணம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். மெதுவாகத் துளை கடக்கும் வழியில் தோரான் அழிந்துவிட, இரண்டாம் அறைக்கு ரேடான் மட்டும் போய்ச் சேரும். எளிய யோசனை; நமக்கு மிகவும் பிடித்தது.

ஈரானின் ராம்சர் நகரம் இதற்கு நேர் எதிரான உதாரணம். காஸ்பியன் கடலோரத்தில் உள்ள அந்த ஊரின் வெந்நீர் ஊற்றுகள் ரேடியத்தைக் கரைத்துக் கொண்டுவந்து கற்களில் படியவிட்டன. அந்தக் கல்லால் சிலர் வீடும் கட்டினார்கள். சில இடங்களில் ஆண்டுக்கு 260 மில்லி கிரே வரை பதிவாகியிருக்கிறது. அங்கே மூலப்பொருள் ரேடியம் என்பதால் வீட்டுக்குள் ரேடானும் சேர்ந்து ஏறுகிறது. மணவாளக்குறிச்சியையும் ராம்சரையும் ஒரே வரியில் எழுதிப் பயமுறுத்துவோர் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

சரி, நோய் வந்ததா இல்லையா? இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் கருநாகப்பள்ளி வட்டாரக் கடற்கரையும் நம் மணவாளக்குறிச்சி போலவே மோனசைட் மணல். அங்கே திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் வீடு வீடாகச் சென்று கதிர்வீச்சை அளந்து, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அந்தக் காலத்தில் அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு கூடிய வீடுகளில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை என்று 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். வெளியிடங்களின் நடு அளவு ஆண்டுக்கு 4 மில்லி கிரே. சில இடங்களில் 70 வரை இருந்தது.

இது ஆறுதல் தரும் முடிவு. 'புற்றுநோய் நிச்சயம்' என்ற காணொளிக் குரலுக்கு இதில் இடமில்லை. அதே நேரம் இதை வைத்து 'தாது மணல் உடம்புக்கு நல்லது' என்று சொல்லும் அளவுக்குப் போவோரும் இருக்கிறார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. இயற்கையாகக் கிடக்கும் மணலின் மேல் காற்றோட்டமான வீடுகளில் வாழ்ந்த மக்களைப் பற்றியது அது. மணலைப் பிரித்து மோனசைட்டைக் குவிக்கும் இடத்தில் எழும் தூசியைச் சுவாசிப்பவர்களைப் பற்றியது அல்ல. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் தோரியத்தின் முழுப் பரம்பரையும் உள்ளேயே குடியேறுகிறது.

இதனால்தான் குமரி மாவட்டத்தின் இன்றைய பிரச்சினையில் அளவீடு முக்கியமாகிறது. கிள்ளியூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கரையோர மக்கள் கடும் எதிர்ப்பு தெரிவித்தார்கள். "மோனசைட்டை எடுத்துவிட்டால் கரையின் கதிர்வீச்சு குறையும்" என்பது ஆலைத் தரப்பில் சொல்லப்படும் வாதம். பிரித்தெடுத்த பின் மீதி மணலை அதே இடத்தில் நிரப்பினால் அங்கே காமா அளவு குறையும் என்பது இயற்பியல்படி சரிதான். மணல் அள்ளினால் கரையைக் கடல் தின்னும், தூசி பரவும், கிணறு கெடும் என்ற மக்களின் அச்சமும் புறந்தள்ளத் தக்கதல்ல. யார் சொல்வது நடந்தது என்று பத்து ஆண்டு கழித்துத் தெரிய வேண்டுமானால், மணலில் கை வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும் மண், வீட்டுக் காற்று, தூசி, கிணற்று நீர் நான்கையும் அளந்து பொதுவில் வைத்திருக்க வேண்டும். முன்கணக்கு இல்லாத இடத்தில் பின்கணக்குக்கு ஆதாரம் கிடையாது. ஊர் ஜமாஅத்துகளும் பங்குப் பேரவைகளும் கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து கேட்க வேண்டிய முதல் காகிதம் இதுதான் என்பது நம் கருத்து. ஆலையைச் சாராத ஒரு பல்கலைக்கழகம் அளப்பது நல்லது. மாதிரி எடுக்கும் நாளில் ஊரார் இருவர் உடனிருப்பது இன்னும் நல்லது.

எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ரேடானுக்குக் கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்ற அளவைப் பரிந்துரைத்தது. அது முடியாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்றது. அமெரிக்காவில் 148-லும், கனடாவில் 200-லும் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறார்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளைச் சேர்த்து 2005-ல் வந்த கணக்கு. ரேடான் 100 பெக்கரல் கூடும்போது நுரையீரல் புற்றின் ஆபத்து 16 சதவீதம் கூடுகிறது. 16 சதவீதம் என்றால் நூறில் பதினாறு பேருக்கு நோய் என்று பொருள் அல்ல. ஏற்கெனவே உள்ள ஆபத்தின் மேல் அந்தப் பங்கு கூடுகிறது என்று பொருள். வாழ்நாளில் புகைக்காத 1,000 பேரை எடுத்துக்கொண்டால், 75 வயதுக்குள் நுரையீரல் புற்றால் இறப்போர் ரேடானே இல்லாத வீட்டில் 4 பேர், 100 பெக்கரல் வீட்டில் 5 பேர், 400 பெக்கரல் வீட்டில் 7 பேர். புகைப்பவர்கள் 1,000 பேர் என்றால் இதே வீடுகளில் 100, 120, 160 பேர்! ரேடானும் பீடி சிகரெட்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. வீட்டில் ரேடானை அளக்கலாமா என்று நம்மிடம் விசாரிக்கும் சகோதரர் வாயில் சிகரெட் இருந்தால், முதலில் அணைக்க வேண்டியது எது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

நம் ஊர்களில் ஜன்னலும் முற்றமும் திறந்தே கிடந்த வீடுகளில் ரேடான் தேங்க வாய்ப்புக் குறைவு. இப்போது ஏ.சி.க்காகப் பகலிரவு அடைத்து வைக்கும் தரைத்தள அறைகள் பெருகிவிட்டன. காலையில் அரை மணி நேரமாவது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுவது செலவில்லாத பாதுகாப்பு. தரை விரிசல்களையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் சிமென்ட் வைத்து அடைக்கலாம். வீட்டு அடித்தளம் நிரப்பக் கருமணல் கலந்த கடற்கரை மண்ணை இறக்காதீர்கள். மலிவு என்று லாரிக்காரர் சொன்னாலும் வேண்டாம். கிரானைட் பாறைக்குள் தோண்டிய ஆழ்துளைக் கிணற்று நீரில் ரேடான் கரைந்திருக்கலாம். குடிநீரைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தாலோ, தொட்டியில் தெளித்து விழச் செய்தாலோ பெரும்பகுதி பறந்துவிடும்.

குளிர்நாடுகளில் உள்ள நம் பிள்ளைகளின் நிலை வேறு. கனடாவில் பல தமிழ்க் குடும்பங்கள் 'பேஸ்மென்ட்' என்ற அடித்தள வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்று பக்கமும் மண் சூழ்ந்து, குளிர்காலம் முழுக்க அடைபட்டிருக்கும் அந்த அறைகள்தான் ரேடான் சேர ஏற்ற இடம். சூடேற்றிய வீட்டுக் காற்று மேலேறும்போது, கீழே மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சி இழுக்கவும் செய்கிறது. கனடா அரசின் சுகாதாரத் துறை குறைந்தது மூன்று மாதம், அதுவும் குளிர்காலத்தில் அளக்கச் சொல்கிறது. அங்கே சோதனைப் பெட்டியை வாங்கி நாமே வைத்து, பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம்.

அளவு கூடுதலாக இருந்தால் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தில் ஒரு துளையிட்டு, அடியில் உள்ள சரளை வரை குழாய் இறக்கி, அந்தக் குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோய், நடுவில் ஒரு சிறு மின்விசிறியைப் பொருத்துவார்கள். ரேடான் வீட்டுக்குள் நுழையுமுன் குழாய் வழியே வெளியேறிவிடும். ஒரு லட்சம் பெக்கரல் இருந்த வாட்ரஸ் வீட்டிலும் மண்ணை அகற்றி, குழாயும் விசிறியும் வைத்துச் சரிசெய்தார்கள். 1985-ல் அந்தக் குடும்பம் அதே வீட்டுக்குத் திரும்பியது.